சீருடையும் சீர்மையும்

சீருடை என்னும் சொல்லைத் தமிழுக்கு ஆக்கித் தந்தவர் யாராயினும் அவர் நல்ல செவியுடையவர் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலச் சொல்லான யூனிஃபார்ம் என்பதற்கு ஒரே வடிவம் என்பது மட்டுமே பொருள். நம் சொல்லிலோ இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. சீர் என்றால் ஒழுங்கு. சீர் என்றால் சிறப்பும்கூட. பிறந்த வீட்டார் மகளுக்கு வரிசை வைத்து அனுப்புவதையும் சீர் என்றே அழைக்கிறோம். யாப்பிலக்கணத்திலும் சீர் உண்டு. வெண்பாவின் அடியில் தேமாவும் புளிமாவும் கருவிளமும் கூவிளமும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. தளை தட்டாமல் இருந்தால் போதும். எல்லாச் சீரும் ஒரே வாய்பாட்டில் அமைய வேண்டுமென்று எந்தப் புலவரும் கேட்பதில்லை.

ஆகவே ஒரு சீருடையை மதிப்பிட விரும்புவோர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. அது அணிந்தவர்களைச் சமன் செய்கிறதா என்பது ஒன்று. அணிந்தவருக்குச் சிறப்புச் செய்கிறதா என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்போர் குறைவு. இவ்விரண்டில் ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் பிடித்துக்கொண்டதால் நம் நாட்டில் நேர்ந்த இடர்கள் பல. அவற்றை நம் வட்டாரத்திலிருந்தே தொடங்கி ஆராய்வோம்.

விழுப்புரம் ரயில் சந்திப்பில் காலை நேரத்தில் அரை மணி நின்று பார்ப்பவர்க்குச் சீருடையின் உலகம் முழுவதும் கண்முன் வந்து போகும். பயணச்சீட்டுப் பரிசோதகரின் கறுப்புக் கோட்டு, சுமை தூக்குவோரின் சிவப்புச் சட்டை, கையில் கட்டிய பித்தளை வில்லை, காவலரின் காக்கி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் உடை என்று ஒவ்வொன்றும் அணிந்தவர் யார் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்னரே சொல்லிவிடுகிறது. கறுப்புக் கோட்டைக் கண்டதும் மக்கள் சட்டைப் பையைத் தடவுகிறார்கள். சிவப்புச் சட்டையைக் கண்டதும், 'ஏய், இங்கே வா' என்று அழைக்கிறார்கள். அந்தச் சட்டைக்குள் இருப்பவர் அழைப்பவரைவிட வயதில் மூத்தவராக இருக்கலாம். வயதையும் பெயரையும் மறைத்துவிட்டுப் பணியை மட்டும் காட்டும் ஆற்றல் சீருடைக்கு உண்டு. மதிப்புத் தருவதும் மதிப்பைப் பறிப்பதும் ஒரே துணியின் இரு பக்கங்கள்.

இந்த உலகத்தின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வியப்பு மேலிடும். காக்கி என்பது மண், புழுதி என்னும் பொருள் தரும் 'காக்' என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. 1840களின் பிற்பகுதியில் பெஷாவர்ப் பகுதியில் ஹாரி லம்ஸ்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் படையினருக்குப் புழுதி நிறத்து உடையை அணிவித்தார். அதுவே பின்னர் உலகப் படைகளின் நிறமாயிற்று. சிப்பாய், சுபேதார், ஜமேதார், ஹவில்தார், டபேதார், டவாலி ஆகிய சொற்களும் பாரசீகம், அரபு, உருது வழியாகவே தமிழில் வந்து படிந்தவை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியின் முன்னே வெள்ளிக்கோல் ஏந்தி நடப்பவரைச் சோப்தார் என்று இன்றும் அழைக்கிறார்கள். கோல் ஏந்துபவர் என்பதே அதன் பொருள்.

விழுப்புரம் 1993ஆம் ஆண்டு தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆட்சியர் என்றால் அவர் முன்னே தலைப்பாகையும் மார்பில் குறுக்கே டவாலியும் அணிந்து நிற்கும் டபேதாரின் உருவமும் சேர்ந்தே நம் மனத்தில் எழுகிறது. ஒரு காலத்தில் நவாபின் அவையில் பெருமக்கள் அணிந்த கோலத்தின் சாயல் அது. ஆட்சி கைமாறியபோது ஆள வந்தவர்கள் தங்கள் கோட்டையும் தொப்பியையும் தாங்களே வைத்துக்கொண்டு, பழைய அவையின் உடையைத் தங்கள் சேவகர்களுக்கு அணிவித்தார்கள். இன்று பெரிய ஓட்டல்களின் வாயிலில் தலைப்பாகையுடன் கதவு திறப்பவரின் உடைக்கும் இதுவே வரலாறு. தோற்றவனின் உடையை வேலையாளுக்கு உடுத்துவதைவிட அமைதியான வெற்றி முழக்கம் வேறு இல்லை.

ஆட்சி கைமாறிய களமும் நம் காலடி மண்ணே. புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தனர். 1752இல் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள விக்கிரவாண்டியில் ஆங்கிலப் படை அவர்களிடம் தோற்றது. 1760 ஜனவரியில் திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் முறிந்தனர். 1761இல் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்போர்களில் இரு தரப்பிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் நின்றனர். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுவதும் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய தென்னார்க்காடும், வேலூர் அடங்கிய வடவார்க்காடும் அவ்வாறு ஒரே காலத்தில் கைமாறியவை.

ஐந்தே ஆண்டுகளில் வேலூரில் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அதைச் சீருடையின் வரலாறாக வைத்துப் படித்தவர் சிலரே. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய வகைத் தலைப்பாகை ஒன்று முடிவாயிற்று. பெயர்தான் தலைப்பாகை, பார்வைக்கு அது வெள்ளையரின் தொப்பியை ஒத்திருந்தது, தோலால் ஆன சின்னம் ஒன்றும் அதில் பொருத்தப்பட்டிருந்தது. 1806 மார்ச்சில் வெளியான படை விதிகளில், அணிவகுப்பின்போது நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை வகுத்த அளவுக்குக் கத்தரிக்க வேண்டும் என்ற கட்டளைகள் இடம்பெற்றன.

அக்காலத்து மக்கள் வெள்ளையரைத் தொப்பிக்காரர் என்றே குறித்தனர். தொப்பியை ஏற்றுக்கொள்பவன் தன் மார்க்கத்தை விட்டுவிட்டான் என்பது ஊரார் கணிப்பு. சிப்பாய் விடுப்பில் ஊர் திரும்பும்போது தன் இல்லத்தாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கலங்கினான். மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தனர். விசாரணைக்கு உள்ளானவர்களில் இந்து ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டை வெடித்தது. வெள்ளையர் படையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டார். அதன்பின் மடிந்த சிப்பாய்கள் சில நூற்றுவர். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். உடைக் கட்டளைகள் அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டன. 1807இல் கிரடாக்கும் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

ஒரு தலைப்பாகைக்காகவா இத்தனை உயிர்கள் என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். விசாரணைக் குழு உடை மாற்றத்தையும் திப்புவின் குடும்பத்தார் கோட்டையில் இருந்ததையும் இரு காரணங்களாகக் காட்டியது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் பாளையக்காரர் போர்களின் தொடர்ச்சியையும், நாட்டை இழந்த மக்களின் குமுறலையும் எடுத்துரைத்தனர். இவை யாவும் மெய்யே. ஆனால் நம் பொருளுக்கு வேண்டிய ஒரு குறிப்பு இங்கே கவனிக்கப்படாமல் கிடக்கிறது. அந்தச் சிப்பாய்கள் சீருடையை வெறுத்தவர்கள் அல்லர். கும்பினியின் சிவப்புக் கோட்டை அவர்கள் பல்லாண்டுகளாக அணிந்து வந்தார்கள். இந்த வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வரிசை பிசகாமல் நடந்தார்கள். சட்டையை மாற்றச் சொன்னபோது வராத சினம், தாடியிலும் நெற்றியிலும் கை வைத்தபோது வந்தது. சட்டை பணிக்கு உரியது. பணி முடிந்ததும் கழற்றி மாட்டிவிடலாம். தாடியும் நெற்றிக்குறியும் கழற்றி மாட்டக் கூடியவை அல்ல. அவை வீட்டோடும் வழிபாட்டோடும் இறப்போடும் சேர்ந்தவை. ஒரு மனிதனின் உழைப்பை விலைக்கு வாங்கியவன் அவனையே வாங்கிவிட்டதாக எண்ணிய இடத்தில்தான் சீருடை தன் சீரை இழந்தது.

இன்னொன்றும் கருதத் தக்கது. அந்தக் கட்டளை முஸ்லிமின் தாடியையும் இந்துவின் திருமண்ணையும் திருநீற்றையும் ஒரே வரியில் தடுத்தது. ஆதலால் இருவரும் ஒன்றாக மறுத்தனர். ஒன்றாகக் கசையடி பட்டனர். தன் குறியைக் காக்க எழுந்தவன் அண்டை வரிசையில் நின்றவனின் குறிக்காகவும் எழுந்தான். இந்தப் பாடத்தைப் பின்னால் மீண்டும் எடுப்போம்.

ஆங்கிலேயர் பிற்காலத்தில் கற்றுக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுடைய இந்தியப் படையில் சீக்கியர், பதானியர், பஞ்சாபி முஸ்லிம்கள், ராஜபுத்திரர் எனப் பலரும் தத்தம் வழக்கப்படி கட்டிய தலைப்பாகையோடு ஒரே காக்கி அணிவகுப்பில் நின்றனர். படையின் கட்டுக்கோப்பு அதனால் குலைந்துவிடவில்லை. கனடா நாட்டின் புகழ்பெற்ற குதிரைக் காவல்படை 1990இல் சீக்கியக் காவலர்க்குத் தலைப்பாகையை அனுமதித்தது. நம் சென்னை மாகாணத்திலும் 1957ஆம் ஆண்டுக் காவல்துறை அரசிதழ் ஆணை, முஸ்லிம் காவலர்கள் நேர்த்தியாகக் கத்தரித்த தாடியுடன் பணியாற்ற இசைவளித்தது. மக்காவுக்குச் சென்று தாடியுடன் திரும்பிய காவலர் ஒருவர் துறைத் தண்டனைக்கு உள்ளானபோது, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆணையைச் சுட்டிக்காட்டித் தண்டனையை ரத்துச் செய்து, மறுபரிசீலனைக்கு அனுப்பியது. எல்லாத் தீர்ப்பும் இவ்வழியில் அமைந்துவிடவில்லை. விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தாடிக்கு இடமில்லை என்றே தீர்ப்புரைத்தது. எனினும் 1806இல் எந்தத் தாடிக்காக வேலூர்க் கோட்டையில் குருதி சிந்தியதோ, அதே தாடிக்கு அதே தமிழ் மண்ணில் ஓர் அரசிதழ் ஆணையே அரணாக நிற்பதைக் காணும்போது, வரலாறு மெல்லவேனும் நகர்கிறது என்று ஆறுதல் பெறலாம்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, சீருடை என்பதே அடக்குமுறை என்று முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. அம்முடிவு தவறு. உடை மனிதனைக் காட்டிக்கொடுத்த நாடு இது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினர். 1859இல்தான் அரசு ஆணை பிறந்தது. அங்கே ஒருவரைத் தாழ்த்துவதற்கு எந்தச் சீருடையும் தேவைப்படவில்லை. இன்னார் இன்னதை உடுத்தலாகாது என்ற ஊர்க்கட்டுப்பாடே போதுமானதாக இருந்தது. அத்தகைய நாட்டில் பண்ணையாரின் மகனும் கூலியாளின் மகளும் ஒரே துணியில் ஒரே பலகையில் அமர்ந்தது சிறு செய்தியா?

காமராசர் ஆட்சியில், 1950களின் இறுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். ஊர் மக்களே ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கித் தந்தனர். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசே விலையின்றிச் சீருடை வழங்கத் தொடங்கியது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணை தரப்பட்டன. கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் துணியை நெய்ய, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைத்துத் தருகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளை கிழியாத உடையில் பள்ளிக்குப் போகிறதென்றால் அதற்குப் பின்னே தறியும் தையல் எந்திரமும் ஓடுகின்றன. இந்தச் சீருடை சமன் செய்தது; சிறப்பும் செய்தது. சொல்லின் இரு பொருளும் இங்கே பொருந்தி நிற்கின்றன. பெருநாளைக்கு மட்டுமே புத்தாடை கண்ட எத்தனையோ முஸ்லிம் பிள்ளைகளும் இதனால் தலைநிமிர்ந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இப்போது கருநாடகத்துக்கு வருவோம். 2022இன் தொடக்கத்தில் அங்கே சில கல்லூரிகளில் தலைத்துணி அணிந்த முஸ்லிம் மாணவியர் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பிப்ரவரி 5ஆம் நாள் அரசு ஆணை வந்தது. மார்ச் 15இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்றது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்புகள் தந்தனர். தடை செல்லும் என்றார் ஒருவர். பெண்பிள்ளையின் கல்வியே தம் மனத்தில் முதன்மையாக நின்றது என்றார் மற்றவர். வழக்கு பெரிய அமர்வை நோக்கி அனுப்பப்பட்டது.

அந்த விவாதத்தில் அடிக்கடி ஒலித்த வாதம், சீருடை என்றால் எல்லாரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது. இந்த வாதம் சீருடையின் முதற்பொருளை மட்டும் அறிந்தவர் வாதம். சீருடையின் நிறத்திலேயே தலைத்துணி அணிந்த மாணவி சீருடையை மறுக்கவில்லை. வேலூர்ச் சிப்பாய் சிவப்புக் கோட்டை மறுக்காததைப் போன்றதே இது. சட்டையும் பாவாடையும் பள்ளிக்கு உரியவை; அவற்றை அவள் ஏற்றாள். தலைத்துணி அவள் வீட்டோடும் மார்க்கத்தோடும் சேர்ந்தது. அதை வாயிலில் கழற்றி மாட்டச் சொன்னபோதுதான் சிக்கல் பிறந்தது. சமன் செய்யப் பிறந்த துணி ஒரு பிள்ளையை வாயிலுக்கு வெளியே நிறுத்துமானால் அது எதற்காகப் பிறந்ததோ அதையே கொன்றுவிடுகிறது. ஒரு முழத் துணிக்காக ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகும் நிலையை அரசும் உண்டாக்கக் கூடாது. படிப்பை விட்டுவிட்டு வீட்டிலிரு என்று சொல்லிப் பெற்றோரும் அதைத் தொடரக் கூடாது. நம் சமுதாயத்தில் பெண்கல்விக்கு வாயிலைத் திறக்க முன்னோர் பட்ட பாட்டை அறிந்தோர் இதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால் எல்லா அடையாளமும் பள்ளிக்குள் வரலாமா என்று எதிர்வாதம் எழும். நியாயமான வினா. தமிழ்நாட்டின் சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருவதைத் தடுக்கப் பள்ளிக் கல்வித் துறை 2019இல் சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரியில் 2023இல் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்கப் பரிந்துரைத்தது. ஒரே சீருடைக்குள்ளும் சாதி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு பாகுபாடு தேவை. நான் என் இறைவனுக்கு உரியவன் என்று சொல்லும் குறி வேறு; நீ எனக்குக் கீழானவன் என்று சொல்லும் குறி வேறு. முன்னது அணிந்தவரைக் கட்டுப்படுத்துகிறது. பின்னது அருகில் இருப்பவரை அச்சுறுத்துகிறது. சாதிக் கயிற்றைத் தடுப்பது சீருடையின் கடமை. ஆனால் திருநீறும் சிலுவையும் தலைத்துணியும் அந்தக் கயிற்றோடு ஒரே கட்டாகக் கட்டப்பட வேண்டியவை அல்ல. இந்த வகையில் குழுவின் பரிந்துரை வரம்பு மீறியது என்பதே நம் கருத்து. நம் பெண்ணின் தலைத்துணிக்கு வாதாடும் நாம், பக்கத்து இருக்கைப் பிள்ளையின் திருநீற்றுக்கும் அதே குரலில் வாதாட வேண்டும். வேலூரில் ஒன்றாக அடிபட்ட இருவரும் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுதான். தனக்கு மட்டும் விலக்குக் கேட்பவன் சலுகை கேட்பவன். அனைவர்க்கும் கேட்பவனே உரிமை கேட்பவன்.

நம் மார்க்கம் இப்பொருளில் என்ன காட்டுகிறது? ஐவேளைத் தொழுகைக்கு நம்மிடம் சீருடை இல்லை. ஆனால் ஸஃப்பு உண்டு. கைலி உடுத்தவரும் கால்சட்டை அணிந்தவரும், வெள்ளை வேட்டிக்காரரும் எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரரும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நேராக இருக்கிறதா என்று இமாம் திரும்பிப் பார்க்கிறாரேயன்றி, உடை ஒரே நிறமா என்று பார்ப்பதில்லை. யாப்பில் சீர்கள் நிற்பதைப் போன்ற நிலை அது. ஹஜ்ஜின்போது ஆண்கள் தைக்காத இரண்டு துண்டுகளை இஹ்ராமாக அணிகிறார்கள். மன்னனுக்கும் அதே துண்டு. மாட்டுவண்டிக்காரனுக்கும் அதே துண்டு. உலகிலேயே பதவிச் சின்னம் பொறிக்கப்படாத பெருஞ்சீருடை அதுவாகத்தான் இருக்கும். பெண்களோ அங்கும் தத்தம் அடக்கமான வழக்க உடையிலேயே இருக்கிறார்கள். ஒரே உடையால் வரும் சமத்துவமும் உண்டு. பல உடைகளை ஒரே வரிசையில் நிறுத்துவதால் வரும் சமத்துவமும் உண்டு. இரண்டையும் நம் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராமல் இருப்பது முறையன்று. நாமே நடத்தும் பள்ளிகளில் சீருடை என்ற பெயரால் வாரத்துக்கு இரண்டு வகை உடையும், குறித்த கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்கப்படும் இடங்கள் உண்டு. ஏழைத் தகப்பனார் கடன்பட்டு வாங்கும் சீருடை எவரைச் சமன் செய்யும்? நம் நிறுவனங்களில் பயிலும் சகோதர சமயப் பிள்ளைகளிடம் நம் வழக்க உடையை வற்புறுத்தினால், கிரடாக்கின் கட்டளைக்கும் நம் கட்டளைக்கும் வேறுபாடு யாது? நாம் கேட்கும் நீதியை நாம் ஆளும் சிறிய இடத்தில் கொடுக்கிறோமா என்பதை ஜமாஅத்துப் பெரியவர்களும் பள்ளிச் செயலாளர்களும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

முடிவாக ஒன்று. வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெற்றோர் தம் பெண்மக்களைப் புதிய சீருடையில் அனுப்புவார்கள். அவள் தலையில் துணி இருக்கலாம். அவள் தோழியின் நெற்றியில் திருநீறு இருக்கலாம். இருவரும் ஒரே பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சீருடை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குமேல் அத்துணியிடம் கேட்பதற்கு எவர்க்கும் எதுவுமில்லை.